மூன்று வருஷ லிசான்ஸ்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
29-1-84, ஞாயிறு.

அன்பு மகள் கமலவேணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வசந்தாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தப் பெங்களூர்க் குளிரில் சளி காய்ச்சல் எதுவும் பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உன்னுடைய பதினேழாம் தேதிக் கடிதம் கிடைத்தது. பொங்கலுக்கு நீ வராதது உன் அம்மாவுக்கு மனசே ஆறவில்லை, உனக்கென்று எடுத்து வைத்த அதிரசத்தை டப்பாவில் போட்டு யாராவது பெங்களூர் போகிறார்களா என்று தெரு முழுக்க விசாரித்துவிட்டுக் கடைசியில் வசந்தாவே தின்று தீர்த்தாள். வசந்தா கணக்கில் முப்பத்தெட்டு வாங்கிவிட்டு மார்க் சீட்டை அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருந்தாள், சோறு வடிக்கிற வீட்டில் அரிசிப் பானையில் ஒளிக்கிற புத்தி இவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இந்த மாதம் மணியார்டர் நான்கு நாள் தாமதமானதற்குக் காரணம் நான் லீவு போட்டது, அதை மேலே போகப் போக எழுதுகிறேன். மூன்றாம் வருஷத்துக்குக் குழந்தைகள் மனோதத்துவம் என்ற பேப்பரை எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் நான்கு நாளாக உட்காருகிறேன், எழுத வரவில்லை. மூன்றாம் வருஷம் உண்டா இல்லையா என்பதே இப்போது கேள்வியாகிவிட்டது. பயந்துவிடாதே. சாப்பிட்டுவிட்டு, விடுதியில் மற்றப் பெண்கள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

பொங்கல் கழித்து மில் திறந்த அன்றே நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஐம்பது வயது தாண்டி இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் முடித்தவர்கள் தாங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டால் கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் உடனே கணக்கு முடித்துத் தருவார்களாம், அதோடு படித்த பிள்ளை ஒன்றுக்கு வேலையும் தருவார்களாம். எல்லோருக்கும் இல்லை. மொத்த மில்லுக்கும் ஆறு இடம்தான், பஞ்சு சீவுகிற எங்கள் கார்டிங் டிபார்ட்மெண்டுக்கு ஒரே இடம், அது டைம் ஆபீஸில் கிளார்க் வேலை. சீனியாரிட்டியில் நான் முதல் ஆள். எனக்கு ஒன்பது நாள் பின்னால் சேர்ந்த முருகையன் அடுத்த ஆள். பெண் பிள்ளைக்கும் தருவீர்களா என்று மானேஜரைக் கேட்டேன், கார்டு பார்த்துக் கணக்கு எழுத ஆண் என்ன பெண் என்ன, பத்தாவது பாஸ் செய்து பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும் என்றார். வசந்தாவுக்குப் பதினைந்துதான் ஆகிறது. சம்பளம் மாதம் நானூற்று இருபத்தைந்து, ஆறு மாதத்தில் நிரந்தரம் செய்துவிடுவார்கள். பிப்ரவரி பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும், அதிலிருந்து பதினைந்து நாளில் நீ வந்து வேலையில் உட்கார வேண்டும். ஏப்ரலில் பரீட்சை இருக்கிறது, அதுவரைக்கும் பொறுக்கக் கூடாதா என்று இரண்டு தடவை போய்க் கேட்டேன். முடியாது, அவசரம் எங்களுக்கு இல்லை, வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே விஷயம் இதுதான் கமலா. நான் நின்றுகொண்டு நீ இரண்டாம் வருஷத்தின் நடுவில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவதா, இல்லை இந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு நீ படிப்பதா.

உன் படிப்பைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் மறைத்த ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத முடியும். இரண்டு வருஷத்துக்கு முன் உன் பள்ளிக்கூடத்துப் பெரிய சிஸ்டர் அவர்களுடைய பெங்களூர்க் கல்லூரியில் உனக்கு இடம் வாங்கித் தந்து, ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டலும் சாப்பாடும் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றபோது, சைக்காலஜி என்றால் எதில் சேர்த்தி என்றே எனக்குத் தெரியாது. டீச்சருக்கா நர்ஸுக்கா என்று கேட்டேன், இரண்டும் இல்லை என்றாய். பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரி என்ற நகரசபை ஆபீஸில் எழுத்தராக இருந்த நம் எதிர்வீட்டு இராமதாஸ் ஐயாவிடம் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ப்சிக்கோலொழி, ப்சிக்கோலொழி என்று இரண்டு தரம் வாயைக் கோணிச் சொல்லிப் பார்த்தார். "மூணே வருஷண்டா கலியமூர்த்தி, லிசான்ஸ் கையில வந்துடும், அப்புறம் ஒம் பொண்ண யாரு புடிக்க முடியும்" என்றார். அவர் வாயில் எல்லாமே பிரெஞ்சாகத்தான் வரும் என்று உனக்கே தெரியும், பஸ்ஸை பூஸ் என்பார், டிக்கெட்டை தீக்கே என்பார். லைசென்ஸைத்தான் லிசான்ஸ் என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த லைசென்ஸ் என்ன? சாராயக்கடைக்கு ஒன்று, மருந்துக் கடைக்கு ஒன்று. அந்தத் தாளுக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் கடையைத் திறந்துகொள்ளலாம். மூன்று வருஷத்தில் என் மகளுக்குக் கடை திறக்க அரசாங்கம் தாள் கொடுக்கப் போகிறது என்று நினைத்தேன். காந்தி வீதியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து உன் பேரில் போர்டு மாட்டுவதாகவும், ஆளுக்குப் பத்து ரூபாய் என்று நாளைக்கு ஐந்து பேர் வந்தாலும் மாதம் ஆயிரத்து இருநூற்றைம்பது என்றும் ஷிப்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மனசு கெட்டுப் போகிறவனுக்கு இந்த ஊரில் பஞ்சமா என்று நான் கேட்க, உன்னையே முதல் ஆளாகச் சேர்க்கலாம் என்று அவர்கள் சிரிப்பார்கள். அந்த நம்பிக்கையில்தான் அரியாங்குப்பத்தில் உன் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போட்டிருந்த மூன்று குழி மனையை ஆறாயிரத்து ஐந்நூறுக்கு விற்றேன். பி.எஃப். லோன் என்று உன்னிடம் சொன்னது பொய். பத்திரம் எழுதுகிற நொத்தேரிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று உன் அம்மா சாப்பிடவில்லை, உனக்கு எழுதக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். இதுவரை உனக்கு அனுப்பியது போக அதில் இப்போது தொள்ளாயிரம் பாக்கி இருக்கிறது.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள், எதையும் விவரம் தெரிந்துகொண்டு செய்வோம், இந்த லைசென்ஸ் வந்தால் மாதம் எவ்வளவுதான் வரும் என்று அதே வேலை பார்க்கிறவர்களிடமே கேட்போம் என்று லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மனநோய்ப் பிரிவில் டாக்டருக்குப் படிக்காமல் சைக்காலஜி படித்த ஒரு அம்மா இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். யாரையும் விசாரிக்காமல் இருப்பதிலேயே நீளமான வரிசையில் போய் நின்றது என் தப்பு. சீட்டு எழுதுகிறவர் பேர், வயது, தெரு எல்லாம் கேட்டார், ரேஷன் கடையிலும் இதையெல்லாம்தானே கேட்கிறார்கள் என்று சொன்னேன். உள்ளே போனால் உன்னைவிட ஒரு எட்டுப் பத்து வயது மூத்த பெண், நூல் புடவை, மேசையில் ஒரு பேனாவும் தண்ணீர்ச் செம்பும் தவிர ஒன்றும் இல்லை. உட்காரச் சொன்னார். என்ன வேலை, எத்தனை வருஷமாக, தூக்கம் எப்படி என்று கேட்டார். போனவுடனே சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் மரியாதையாக இருக்காதே என்று, அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த அம்மா அவசரப்படவே இல்லை. நோட்டீஸ், மனை விற்றது, முருகையன், ராத்திரியில் விழித்துக்கொண்டு கிடப்பது என்று என் வாய் அதுபாட்டுக்குப் போயிற்று. நடுவில் நான் இருமியபோது, எத்தனை நாளாக இருமல், வாரத்தில் எந்த நாள் அதிகம் என்று கேட்டார். திங்கட்கிழமை என்றேன். மில்லில் இதைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை லீவு உடம்பில் ஏறிக்கொண்டது, கலியமூர்த்திக்குச் சோம்பல் என்று கேலி செய்வார்கள், அந்த அம்மா சிரிக்காமல் சீட்டில் எழுதிக்கொண்டார். அப்போதுதான் சீட்டைப் பார்க்கிறேன், மேலே என் பேர், நோயாளி எண் முப்பத்தொன்று என்று இருக்கிறது. எனக்குச் சுரீர் என்றது. எழுந்து நின்றுகொண்டு, "அம்மா, நான் நோயாளி இல்லீங்க, ஒங்களுக்கு மாசச் சம்பளம் எவ்வளவுன்னு கேக்க வந்தேங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன், லிசான்ஸ் பற்றிச் சொன்னேன், அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பி.ஏ.வுக்கு லைசென்ஸ் எதுவும் குடுக்க மாட்டாங்க ஐயா. பி.ஏ. முடிச்சு எம்.ஏ. ரெண்டு வருஷம், அதுக்கு மேல ஆஸ்பத்திரிலயே வச்சு சொல்லிக் குடுக்கிற படிப்பு ரெண்டு வருஷம், அதுல சீட்டும் கொஞ்சந்தான். அதெல்லாம் முடிச்சாத்தான் இந்த நாற்காலி" என்றார். அவருக்கே முதல் சம்பளம் வாங்கும்போது இருபத்தேழு வயதாம். இப்போது படியெல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு வாங்குகிறார். வெறும் பி.ஏ.வை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்டேன், மற்ற பி.ஏ.க்களைப் போல பாங்க் பரீட்சை எழுதலாம், எங்கேயாவது கிளார்க்காகப் போகலாம் என்றார். எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. மூன்று வருஷம் மனையை விற்றுப் படித்து எட்டிப் பிடிக்க வேண்டிய கிளார்க் நாற்காலி, அந்த மூன்று வருஷம் இல்லாமலே டைம் ஆபீஸில் காலியாகக் கிடக்கிறது. கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார், "ஒங்க பொண்ணு இதை ஏன் எடுத்துது?" என்று. லிசான்ஸ் வரும் என்று எடுத்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது நான் சேர்த்துவிட்டதற்குக் காரணம், நீ எடுத்ததற்குக் காரணம் அது இல்லை. தெரியலீங்க என்றேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன், இரண்டு வருஷத்தில் ஒரு கடிதத்திலாவது உன்னிடம் அதைக் கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன், இல்லை. எவ்வளவு செலவு, எப்போது முடியும், முடித்தால் எவ்வளவு வரும், இதைத்தான் கேட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது கமலா.

வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். நேராக இராமதாஸ் ஐயா வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டேன், தெருவே கேட்டது. பெரியவர் நடுங்கிப் போய், "நான் பரீட்சையச் சொன்னேண்டா, பிரெஞ்சுல பி.ஏ.வுக்குப் பேரே லிசான்ஸ், நீ சாராயக்கடையச் சொன்னியா?" என்கிறார். அவர் சொன்னது சரி, நான் கேட்டதுதான் தப்பு. ஆனாலும் அன்றையிலிருந்து நான் அந்தப் பக்கம் போனால் அவர் கதவைச் சாத்திக்கொள்கிறார், நானும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்து வசந்தாவின் நோட்டில் கணக்குப் போட்டேன். நீ இப்போது டைம் ஆபீஸில் சேர்ந்தால், அந்த அம்மா சொன்ன படிப்பெல்லாம் முடிகிற எண்பத்தொன்பதாம் வருஷத்துக்குள் சம்பளமாக இருபத்தேழாயிரம் வாங்கியிருப்பாய். படித்தால் அந்த இருபத்தேழாயிரம் வராது, அதற்கு மேல் என் கையிலிருந்து பதினையாயிரம் போகும். ஆக நாற்பத்திரண்டாயிரம் இடைவெளி. அதன் பிறகு நீ ஆயிரத்து நூறு வாங்கினால், அப்போது கிளார்க்காக இருந்திருந்தால் வாங்கியிருக்கக்கூடிய எழுநூறைக் கழித்து, மாதம் நானூறு கூடுதல். அந்த நானூறு நாற்பத்திரண்டாயிரத்தை அடைக்க எட்டு வருஷம் ஒன்பது மாதம் ஆகிறது. உனக்கு முப்பத்து மூன்று வயது முடிகிறபோதுதான் இரண்டு பாதையும் சமமாகின்றன, அதற்குப் பிறகுதான் லாபம். அதுவும் சீட்டுக் கிடைத்து, எங்கேயும் தவறாமல், வேலையும் உடனே கிடைத்தால். கல்யாணம் என்று ஒன்று நடுவில் வந்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்தேன், அதற்கு என் கணக்கு போதவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வா என்றுதான் நோட்டுச் சொல்கிறது. மூன்று தரம் போட்டுப் பார்த்தேன், மூன்று தரமும் அதுவேதான்.

இதற்கிடையே முருகையன் தினமும் சாயங்காலம் பேப்பர் படிக்கிற சாக்கில் வந்து உட்காருகிறான். தலைப்புச் செய்தியைக்கூடப் பார்ப்பதில்லை. "பொண்ணு எப்ப வருது அண்ணே?" என்பான், நான் பேப்பரை மடித்து வைப்பேன், எழுந்து போய்விடுவான். இன்று மட்டும் போகிறபோது வாசலில் நின்று, "நீ போடலன்னா முன்னாடியே சொல்லிடு அண்ணே, நான் போட்டுடறேன். எம் பையன் மூணாந் தரத்துல பாஸ் பண்ணிட்டான், எனக்கும் நெஞ்சு முடியல" என்றான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பதினொரு வருஷம் ஒரே மெஷினில் எதிர் எதிரே நின்றிருக்கிறோம், அவன் இருமலும் என் இருமலும் பக்கத்து மெஷின்காரனுக்கு வித்தியாசம் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மாவுக்கு மட்டும் ஆங்காரம் வந்துவிட்டது. அவன் போனதும் என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, நீங்கள் எழுதியது போதும், இனிமேல் நான் சொல்கிறதை எழுதுங்கள் என்று எதிரே உட்கார்ந்துவிட்டாள். எழுதி முடித்ததும் வசந்தாவை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பாள், ஒரு வார்த்தை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"கமலா, அம்மா சொல்றேம்மா. ஒங்கப்பா ஊரு கணக்கெல்லாம் எழுதுவாரு, அவுரு ஒடம்ப மட்டும் எழுத மாட்டாரு. மொதல்ல எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுதிருக்காரே, அது சுத்தப் பொய். அந்த ஆஸ்பத்திரி அம்மா இவர அன்னைக்கே நெஞ்சுப் படம் புடிக்கிற எடத்துக்கு அனுப்பிச்சிருக்கு. பஞ்சுத் தூசு உள்ள அடஞ்சு கெடக்காம், இனிமே பஞ்சுக்குள்ள நிக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாராம். எனக்கு இத மூணு நாளு கழிச்சுத்தான் சொன்னாரு, அதுவும் நான் சட்டைய தொவைக்க எடுத்தப்ப சீட்டு விழுந்ததால சொன்னாரு. திங்கக்கெழம மில்லுலேருந்து வந்தா மாடி ஏறுனவரு மாதிரி மூச்சு வாங்குறாரு, நம்ம வூட்டுல மாடி எங்க இருக்கு? நீ படிக்கிறது எனக்கும் பெருமதாம்மா, நான் எழுதப் படிக்கத் தெரியாதவ, எம் பொண்ணு பெங்களூருல படிக்குதுன்னு சொல்லாத எடம் இல்ல. ஆனா மனை போனா போவட்டும், படிப்பு போனா போவட்டும், ஆளு போயிடக் கூடாது. நீ வந்துடு. வந்து அந்த நாற்காலில ஒக்காரு, இவரு வூட்டுல ஒக்காரட்டும்."

மேலே இருப்பது உன் அம்மா சொன்னது, ஒரு எழுத்தும் நான் மாற்றவில்லை. ஆளு போயிடக் கூடாது என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன், உட்கார் என்று அதட்டினாள், முப்பது வருஷத்தில் என்னை அவள் அதட்டியது இதுதான் முதல் தடவை. படத்தைப் பற்றி அவள் சொன்னது உண்மை. அதற்காக நான் நாளைக்கே விழுந்துவிடப் போவதில்லை, முருகையனுக்கும் இன்னும் பலருக்கும் இதே படம்தான் வரும், அவர்கள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். கேட் வாட்ச்மேன் வேலைக்கு மாற்றித் தரச் சொல்லி டிபார்ட்மெண்ட் மாஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். மாதம் நூற்றைம்பது குறையும், ஆனால் தூசு இல்லை, வெளிக்காற்று. இப்போது காலி இல்லை, பார்க்கலாம் என்றிருக்கிறார், அவர் பார்க்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என்னிடம் எதையாவது மறைத்தால் உன் காது சிவந்துவிடும், உடனே பிடித்துவிடுவேன். இப்போது நான் மறைத்து எழுதினால் உன் படிப்பில் நீ பிடித்துவிடுவாய் என்பதால் உள்ளதைச் சொல்கிறேன். நீ வர வேண்டாம் என்று எழுதத்தான் காலையில் உட்கார்ந்தேன். பாதி எழுதும்போது, வந்துவிட்டால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும், திங்கட்கிழமை சங்கு ஊதும்போது பாயிலேயே கிடக்கலாமே என்று ஆசை வந்துவிட்டது. அந்த ஆசை இன்னும் போகவில்லை.

30-1-84, திங்கள். இந்தப் பகுதியைத் தபாலாபீஸில் நின்றுகொண்டு எழுதுகிறேன், இங்கே கட்டிப் போட்டிருக்கிற பேனா கிறுக்குகிறது, கோழி கீறினது போல இருந்தால் பொறுத்துக்கொள். நேற்று எழுதியது முழுவதையும் வசந்தா படித்துக் காட்டி, அம்மா சரி என்று தலையாட்டி, கவருக்குள் போட்டாயிற்று, ஒட்டாமல் எடுத்து வந்தேன். இது உனக்கு மட்டும். வருவதாக இருந்தால் ஒன்பதாம் தேதி மாலைக்குள் எனக்குக் கிடைக்கிற மாதிரி தந்தி அடி, தந்தி விஷயம் மட்டும் அம்மாவுக்கும் தெரியும், வருகிறேன் என்று ஒரு வார்த்தை போதும், நான் பத்தாம் தேதி போய்க் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். படிப்பதாக இருந்தால் தந்தி வேண்டாம். நான் வழக்கம்போல முதல் ஷிப்டுக்குப் போவேன், போகிற வழியில் முருகையனிடம் சொல்லிவிடுவேன், அவன் போட்டுக்கொள்ளட்டும். மூன்றாம் வருஷத்துக்குப் பாக்கி உள்ள பணத்தை எப்படிப் புரட்டுவது என்பது என் பாடு. நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஆஸ்பத்திரியில் அந்த அம்மா கேட்டதற்கு எனக்குப் பதில் எழுது. இந்தப் படிப்பை ஏன் எடுத்தாய்? இங்கிலீஷ் வார்த்தை போடாமல் எனக்குப் புரிகிற மாதிரி எழுது, எத்தனை பக்கம் ஆனாலும் சரி, நான் உட்கார்ந்து படிப்பேன். நீ எந்தப் பக்கம் போனாலும் உன்மேல் எனக்கு வருத்தம் வராது, வந்தால் அது என் தப்பு.

எண்ணெய் தேய்த்துக் குளி. காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே. உன் கல்லூரி சிஸ்டருக்கு என் வணக்கத்தைச் சொல். வாரத்துக்கு ஒரு கடிதமாவது அம்மாவுக்கென்று தனியாக எழுது, வசந்தா படித்துக் காட்டுவாள். இன்று விடியற்காலையில், நான் ஷிப்டுக்குப் போவதற்கு முன், உன் அம்மா என்னை மணக்குள விநாயகர் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். தந்திக்காரன் நம் வாசலில் சைக்கிளை நிறுத்த வேண்டும் என்று நூற்றியொரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாள், நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று என்னையும் கும்பிடச் சொன்னாள். நான் அவள் பக்கத்திலேயே நின்று கண்ணை மூடிக்கொண்டு, அவன் நம் வாசலில் நிற்காமல் போய்விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

தீர்க்காயுசோடும் திடமான மனசோடும் இரு.

உன் அப்பா,
வ. கலியமூர்த்தி